மாப்பிள்ளை கறந்த பக்வீட் பால்

தொகாகுஷி,
சரிவெல்லாம் பக்வீட் பூத்திருக்கும் நாள்

அன்புள்ள தம்பி எய்சோவுக்கு,

இங்கே காலையில் மூடுபனி இறங்கத் தொடங்கிவிட்டது. டோக்கியோ வெக்கை உன்னைப் படுத்தாமல் இருக்க வேண்டுகிறேன். நாங்கள் நலம் என்று எழுதுவதுதான் மரியாதை; ஆகவே நலம்.

உன் அண்ணன் மானம் கப்பலேறிவிட்டது. என் மகள் கயோகோவுக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து, நம் குடும்பப் பெயரையும் ஏற்றுக்கொண்ட ரியோஹெய், நூடுல்ஸுக்கு மாவு பிசைந்தோமா, கடையைப் பார்த்தோமா என்று இராமல், அந்த மாவுக்கான பக்வீட் தானியத்தை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து, பால் என்கிறான். மாட்டுப்பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் வரிசையில் வந்து நிற்பார்களாம். முதல் தடவை சூடாக்கியபோது அடுப்பிலேயே பசையாகிவிட்டது. கிழிந்த காகிதக் கதவை அதைக்கொண்டுதான் ஒட்டினேன், நன்றாகவே பிடித்திருக்கிறது. அடுத்த தடவை நீர்க்கக் காய்ச்சி, தேன் கலந்து, வாடிக்கையாளர்களுக்கு இலவசமாகக் கொடுத்தான். எதில்? நூடுல்ஸ் வெந்த வெந்நீரைக் கொண்டுவைக்கும் அதே சிவப்புக் கெண்டியில். சாப்பிட்டு முடித்ததும் அந்தக் கெண்டி வந்தால் நம் ஊர்க்காரன் என்ன செய்வான்? கிண்ணத்தில் மிஞ்சிய சோயா மீன்சாற்றில் ஊற்றிக் கலக்கிக் குடிப்பான். ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் மொமோசேயும் அப்படியே செய்தார். துப்பினால் மரியாதையில்லை என்று கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் விழுங்கிவிட்டு, என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்: "இத்தனை வருஷமா உங்க கடையிலதான் சாப்புடுறேன். நான் என்ன பாவம் பண்ணுனேன், தோகுஜி?"

வேறொருவனாக இருந்தால் அவர் காலில் விழுந்திருப்பான். இவனோ, "பால்ல போயி யாராவது மீன்சாறு கலப்பாங்களா, மாமா?" என்று என்னையே கேட்கிறான். கயோகோவும் அவன் பக்கம். மொமோசே இப்போது எதிர்க்கடைக்குப் போகிறார். போகும்போது நம் வாசலைப் பார்த்து ஒரு வணக்கம் வேறு. அதைத்தான் தாங்க முடியவில்லை. எனக்கு மனசே விட்டுப்போச்சு தம்பி. அப்பா கட்டுன கடை என் கண்ணு முன்னாடியே மூடிருமோன்னு பயமா இருக்கு. உனக்குப் புண்ணியமாகப் போகும், அவனுக்கு அங்கே ஒரு வேலை பார்த்துக் கூட்டிக்கொண்டு போய்விடு.

குளிர் வருமுன் உன் மூட்டுவலி குறையட்டும். உன் வீட்டு அடுப்பில் பசையாகாத பொருளே கொதிக்கட்டும்.

மனம் நொந்த அண்ணன்,
தோகுஜி

பின்குறிப்பு: மேலே உள்ளதைக் கயோகோ படித்துவிட்டாள். சண்டை போடவில்லை. "சித்தப்பா அவருக்கு வேலை வாங்கிக் குடுத்தா நானும் போயிருவேம்ப்பா" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். பிள்ளை போன பிறகு எனக்கு எதற்குக் கடை? அந்தப் பாலை இரண்டு கிண்ணம் குடித்து, பிரமாதம் என்றும் சொல்லிவிட்டேன். ஆகவே டோக்கியோவில் எங்குமே வேலை கிடையாது என்று உடனே பதில் போடு. உறையை அவள்தான் பிரிப்பாள்; கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுது.