கரடி போட்ட மஞ்சள் மூஞ்சி

ஒரு காட்டில், வாட்ஸ்அப் குழுவில் மட்டும் தினமும் நாலு தடவை உலகம் அழிந்துகொண்டிருந்தது. மற்றபடி எல்லோரும் சௌக்கியம்.

அல்லி என்ற தவளைக்குத்தான் சௌக்கியமில்லை. வருஷா வருஷம் ஏறிய வெயிலில் அவள் குட்டை பாயசக் கிண்ணம் அளவுக்கு வற்றிவிட்டது. உள்ளே இன்னும் கால் முளைக்காத நூற்றிருபது பிள்ளைகள். கரடியோ சுற்றியிருந்த மரங்களையெல்லாம் வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் புகைத்துக்கொண்டிருந்தது. மூட்டத்தை மூடும் தீர்மானம் ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வருகிறது. நிறைய கை தூக்கினால் பிள்ளைகள் பிழைக்கும்.

அல்லி முதலில் பயமுறுத்திப் பார்த்தாள். “அடுத்த கோடையில் காடே தோசைக்கல்” என்று செய்தி போட்டாள். மான் குழுவை விட்டே ஓடிவிட்டது. சரி, நம்பிக்கை ஊட்டலாம் என்று “சேர்ந்து முயன்றால் சூட்டைக் குறைக்கலாம்” என்றாள். “அப்ப யாராவது குறைச்சிடுவாங்க” என்று மயில் தூங்கப் போனது. கடைசியில் வற்றிய குட்டையைப் படம் எடுத்துப் போட்டாள். யானை அழுதது. அழுது முடித்ததும் மனசு லேசாகிவிட்டதாம். “இனி தீர்மானம் வேற எதுக்கு?” என்றது.

அந்தப் படத்தின் கீழேதான் கரடி, கண்ணீர் தெறிக்கச் சிரிக்கும் மஞ்சள் மூஞ்சியைப் போட்டது. ஒன்றல்ல, ஆறு.

“பிள்ளைங்க சாகக் கிடக்குது, இதுக்குச் சிரிப்பு வருதாமா” என்று யானை கொதித்தது. மயில் எழுந்துவிட்டது. திட்டுவதற்கென்றே மான் குழுவுக்குத் திரும்பி வந்தது.

ஞாயிறு காலை கரடி மூச்சிரைக்க அல்லியிடம் வந்தது. “அல்லியக்கா, என் மூக்குக்கண்ணாடியைக் காணோம். அந்த மூஞ்சிக்குக் கண்ணுல தண்ணி வருதேன்னு அழுகை மூஞ்சின்னு நினைச்சுட்டேன். நீங்களாவது சபையில சொல்லுங்க.”

அல்லி யோசித்தாள். காட்டிலேயே ஆறு தடவை அழுதது இது ஒன்றுதான். ஆனால் உண்மையைச் சொன்னால் யானைக்கு மறுபடி மனசு லேசாகிவிடும்.

“தொண்டை கட்டியிருக்கு தம்பி” என்றாள் தவளை. “கூட்டம் முடியட்டும், சொல்றேன்.”

சபையில் எல்லோரும் கை தூக்கினார்கள். தான் சிரிக்கவில்லை என்று நிரூபிக்கக் கரடியும் தூக்கியது. சபைத் தலைவர் ஆந்தை தீர்மானத்தில் முத்திரை குத்திய பிறகு அல்லிக்குத் தொண்டை திறந்தது.

விஷயத்தைக் கேட்டு யானை உருகிப்போனது. “அடப் பாவமே, அதுக்கு அழுகைன்னு அர்த்தமா” என்று கரடிக்கு உடனே ஆறுதல் அனுப்பியது: அதே மஞ்சள் மூஞ்சி, ஆறு.

நீதி: உலகம் சூடாகிறது என்றால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள், அதைப் பார்த்து ஒருவர் சிரித்தார் என்று சொல்லுங்கள். சிரிக்க ஆள் கிடைக்காவிட்டால், அழுகிறவரின் மூக்குக்கண்ணாடியை ஒளித்து வையுங்கள்.