புல்லட்டுக்கு மூணு கொட்டேஷன்

இந்த மாதத்துக்குள் புல்லட் வாங்கியே தீருவது என்று அப்பாவு முடிவெடுத்துவிட்டான். தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் தொழிற்சாலைக்குப் பன்னிரண்டு வருஷமாகப் பஸ் படிக்கட்டில் தொங்கியது போதும். சீட்டு எடுத்த பணம் பீரோவில் இருந்தது. தோஸ்து சின்னப்பையனின் பழைய புல்லட் விலைக்கு வந்திருந்தது. பாக்கி மனைவி ரமாபாயின் சம்மதம் மட்டும்தான்.

சுனாமிக்குப் பிறகு காலடிப்பேட்டையில் ஆபீஸ் போட்ட வெளிநாட்டு நிவாரண அமைப்பில் ரமாபாய்க்கு வேலை. சேர்ந்து ஆறே மாதம். அதற்குள் வீட்டில் உப்பு வாங்கக்கூட 'அப்ரூவல்' வேண்டியிருந்தது.

"புல்லட்டா? வாங்கிக்கோயா" என்றாள்.

அவனுக்குப் பகீரென்றது. உடனே சரி சொல்கிற ஆளா இவள்?

"நெஜமாவாமே?"

"மூணு கடைல வெல எழுதி வாங்கியா. எது கம்மியோ அது. எங்க ஆபீஸ்ல பேனா வாங்குனாலும் அப்டிதான்."

"மூணும் புல்லட்டாவே இருக்கணுமா?"

"வண்டியா இருந்தா சரி."

இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது. ஆனால் கொட்டேஷன் விஷயத்தில் அப்பாவு பழம் தின்று கொட்டை போட்டவன். அவன் தொழிற்சாலையில் யாருக்கு ஆர்டர் என்று முடிவான பிறகுதான் மற்ற இரண்டு கொட்டேஷனும் பிறக்கும்.

சின்னப்பையன் இருபதாயிரம் எழுதினான். வண்ணாரப்பேட்டையில் முன்பின் தெரியாத மெக்கானிக் ரஹீமுக்கு டீ வாங்கிக் கொடுத்து, "ஒப்புக்கு ஒண்ணு எழுது பாய். ஆம்பள எவனும் தொடாத வண்டியா இருக்கட்டும்" என்றான். ரோஜா நிற ஸ்கூட்டி, இருபத்திரண்டாயிரம். மூன்றாவது, ஐஸ்பெட்டியோடு ஒரு மீன் வண்டி, நாற்பதாயிரம்.

ஞாயிறு மதியம் வஞ்சிரம் வறுவல். மாதக் கடைசியில் வஞ்சிரமா! அப்பாவு துண்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். முள்ளைக்கூடச் சந்தேகப்பட்டான்.

"இன்னாத்துக்கு வஞ்சிரம்?"

"துன்றியா, எடுக்கட்டா? அப்டியே இதுல ஒரு கையெழுத்து போடு. எங்க ஆபீஸ் ஃபாரம்."

மீன்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் இடது கையால் போட்டான்.

மறுநாள் சாயங்காலம் ரமாபாய் சுவரிலிருந்து கல்யாண போட்டோவை இறக்கினாள்.

"உன் தோள்மேல கை போட்டுகினு நிக்கிறது யாரு?"

"சின்னப்பையன். தெரியாத மாரி கேக்குற!"

"'விக்கிறவங்க யாரும் எனக்குச் சொந்தமோ தோஸ்தோ இல்ல'ன்னு நேத்து கையெழுத்து போட்டியே. பொய்யா இருந்தா அந்த கொட்டேஷன் தள்ளுபடி. ஃபாரத்துலயே கீது, பாரு."

அப்பாவு அப்போதுதான் படித்தான்.

"ரஹீமும் என் தோஸ்துதான்மே!"

"கடைக்கே போய்க் கேட்டேன். 'பேர்கூட தெரியாதும்மா, டீ வாங்கிக் குட்த்தாரு'ன்னாரு. ரெண்டாயிரம் கொறச்சிக்கினாரு. வண்டிய நாளைக்கு எடுத்தாரேன்."

"உனக்கு ஓட்டவே தெரியாதே?"

ரமாபாய் கைப்பையிலிருந்து லைசென்ஸை எடுத்துக் காட்டினாள். எடுத்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

புதன்கிழமை காலை, ரோஜா நிற ஸ்கூட்டியின் பின்சீட்டில் இரண்டு டிபன் பாக்ஸையும் மடியில் அணைத்தபடி அப்பாவு உட்கார்ந்திருந்தான். பஸ்ஸில் தொங்கவில்லை என்ற அளவில் மனசு கொஞ்சம் ஆறியிருந்தது. எண்ணூர் போகிற வழியிலேயே, காலடிப்பேட்டையில் அவள் ஆபீஸ் வாசலில் வண்டி நின்றது.

"எறங்குயா. உன் பஸ்ஸு வருது, ஓடு."