உட்கார்ந்தபடியே கிரீஸ் போடும் சக்கரம்

அன்பும் லேத்தும் ஒருங்கே வாய்த்த மைத்துனருக்கு, அத்தான் எழுதுவது.

இங்கு நானும் உங்கள் அக்காவும் நலம். அங்கு நீங்களும் வீட்டாரும் நலமென்பதை உங்கள் அக்கா தினமும் போனில் பேசும்போது பக்கத்து அறையிலிருந்து கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்; ஆகவே விசாரிப்பை இத்துடன் முடித்துக்கொள்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்பீர்கள். போனில் நான் எதைச் சொன்னாலும் நீங்கள் "சரி அத்தான், சரி அத்தான்" என்று சொல்லிக்கொண்டே பட்டறையில் லேத்தை ஓட்டுகிறீர்கள். சத்தம் எனக்குக் கேட்கிறது. அதில் ஒரு பேரிங் போகப்போகிறது என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவைக்கிறேன். காகிதமென்றால் இரண்டு கையாலும் பிடித்துத்தான் படித்தாக வேண்டும். கூடவே ஒரு படம் வைத்திருக்கிறேன். அது ஒரு சக்கரத்தின் ஹப், அதாவது அச்சு போய் உட்காருகிற நடுக்குடம். நடுவில் இருக்கும் கரும்புள்ளியை எண்ணெய்க் கறை என்று நினைத்துத் துடைத்துவிடாதீர்கள், அது துளை.

இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு உங்கள் அக்கா சக்கர நாற்காலியில்தான் தையல் கடைக்குப் போய்வருகிறாள். பெரிய சக்கரம் இரண்டையும் தன் கையாலேயே தள்ளிக்கொண்டு போவாள். உதவி செய்கிறேன் என்று யாராவது பின்னால் கை வைத்தால் அந்தக் கையிலேயே ஒன்று விழும், அடியேன் அனுபவஸ்தன். இப்படி ராஜாத்தி மாதிரி போய்க்கொண்டிருந்தவளுக்கு வலது சக்கரம் முதலில் முனகியது, பிறகு இழுத்தது, கடைசியில் ஒருநாள் கடைக்கு எதிரே நட்டநடுத் தெருவில் அசைய மாட்டேன் என்று நின்றுவிட்டது. பின்னால் ஒரு லாரி. லாரிக்காரர் நல்ல மனிதர், ஹாரன் அடிக்காமல் இறங்கிவந்து, "பாட்டி, கெட்டியா புடிச்சுக்குங்க" என்று நாற்காலியோடு தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார். தெருவில் மாட்டிக்கொண்டதைப் பற்றி உங்கள் அக்கா இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. "பாட்டியாம், பாட்டி! அவன் தலையில ஒரு கருப்பு முடி இல்ல" என்பதைத்தான் சாப்பிடும்போதும் சொல்கிறாள், தைக்கும்போதும் சொல்கிறாள்.

அந்த நேரம் பார்த்து உங்கள் மருமகள், அதான் என் மகள், லீவில் வந்திருந்தாள். அவள்தான் நர்ஸ் ஆயிற்றே, உத்தரவு போடுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள். "இனிமே அம்மா தனியா போகக் கூடாது. அப்பா தள்ளிக்கிட்டுப் போகட்டும், இல்லன்னா கடையை மூடிடுங்க" என்று சொல்லிவிட்டாள். உங்கள் அக்கா கத்தரியைக் கீழே வைத்தாள். கத்தரியைக் கீழே வைத்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். "உங்கப்பா தள்ளிக்கிட்டு வந்தா வாசலோட போயிடுவாரா? உள்ள வந்து உக்காருவார். உக்காந்தா வாய் சும்மா இருக்காது. அளவு குடுக்க வர்றவங்ககிட்ட எல்லாம் பேரிங் கதை சொல்லுவார். ஒரு ஆள் மிஞ்ச மாட்டாங்க. அதுக்கு நானே கடையை மூடிடறேன்" என்றாள். அம்மாவும் பெண்ணும் முறைத்துக்கொண்டிருக்க, நான் நடுவில் புகுந்து, அடுத்த லீவுக்குள் சக்கரத்தைச் சரிசெய்து காட்டுகிறேன், அதற்குமேல் உன் இஷ்டம் என்று மகளிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகுதான் யோசித்தேன். கடை போனால் அவள் வீட்டில் எப்படி இருப்பாள் என்று நினைத்துப் பார்க்கவே எனக்குத் தைரியமில்லை, மச்சான். அவளுக்காக மட்டும் சொல்லவில்லை, எனக்காகவும்தான்.

சக்கரத்தைக் கழற்றினேன். உள்ளே மூடி போட்டு அடைத்த பேரிங். இதற்கு ஆயுள் முழுக்க எண்ணெயே தேவையில்லை என்று செய்தவன் பெட்டியில் அச்சடித்திருக்கிறான். சாப்பாடே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு உள்ளே வரும் விருந்தாளியைப் போலத்தான் இதுவும். நம்பினால் நமக்குத்தான் அவமானம். ஆகவே அதைத் தூக்கிப்போட்டுவிட்டு, பழைய சைக்கிள் ஹப் ஒன்றை அறுத்து, இரண்டு முனையிலும் பேரிங் குண்டுகளைத் தனித்தனியாகப் போட்டு நானே ஒன்று தயாரித்தேன், இடது சக்கரத்துக்கும் அதே மாதிரி இன்னொன்று. தயாரிப்பின்போது குண்டுகள் தரையெல்லாம் ஓடியதும், ஒன்று மட்டும் கிடைக்காமல் நான் பீரோவை நகர்த்தியதும், அது உங்கள் அக்காவின் பட்டன் டப்பாவில் இருந்ததும், "நல்லா பளபளன்னு இருந்துச்சு, ஓட்டை எங்கேன்னுதான் தேடிக்கிட்டு இருந்தேன்" என்று அவள் சொன்னதும் இந்தக் கடிதத்துக்குத் தேவையில்லாத விஷயங்கள்.

ஹப் நன்றாகச் சுற்றியது. ஆனால் எண்ணெய் போட வேண்டுமென்றால் சக்கரத்தைக் கழற்ற வேண்டும், இரண்டு ஸ்பேனர் வேண்டும், நான் வேண்டும். கடைசியில் சொன்ன சாமான் இல்லாமல் நடக்க வேண்டும் என்பதுதான் உங்கள் அக்காவின் நிபந்தனை. "என் மிஷினைப் பாருங்க. மேல ஓட்டை, பக்கத்துல ஓட்டை. ஒரு சொட்டு விட்டா வேலை முடிஞ்சுது. அதுக்குன்னு மிஷினை யாராவது கழட்டுவாங்களா?" என்றாள். யோசித்துப் பார்த்தேன். நியாயம்தான். இரண்டு பேரிங்குக்கும் நடுவில், ஹப்பின் முதுகில் ஒரு துளை போட்டு, தூசி போகாமல் அதன்மேல் ஒரு ஸ்பிரிங் வளையம் மாட்டினேன். வளையத்தை விரலால் நகர்த்து, தையல் மிஷின் எண்ணெயில் ஒரு சொட்டு விடு, வளையத்தை மூடு. உட்கார்ந்தபடியே கையைத் தொங்கவிட்டால் எட்டுகிறது. அவள் ஒருமுறை விட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணமான புதிதில் சிரித்ததற்கு அப்புறம் அந்த மாதிரி இப்போதுதான் சிரிக்கிறாள். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அங்கேதான் சனியன் பிடித்தது. எண்ணெய் போடுவது கஷ்டமாக இருந்தவரை தெருவில் ஒருவரும் அந்தச் சக்கரத்தைத் திரும்பிப் பார்த்ததில்லை. சுலபமாகிவிட்டதோ இல்லையோ, ஊரே எண்ணெய் போட ஆரம்பித்துவிட்டது. மருந்துக்கடைக்காரர் கடை திறக்க வரும்போது ஒரு சொட்டு, தைத்த துணியை வாங்க வந்த அம்மாள் காத்திருந்த நேரத்தில் ஒரு சொட்டு, அவள் கூட வந்த நாத்தனார் தனக்கும் மரியாதை வேண்டுமென்று ஒரு சொட்டு. எங்கள் மாடியில் குடியிருக்கும் ரிட்டயரான கேஷியர் இருக்கிறாரே, அவர் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. எல்லோரும் சொல்வது ஒரே பேச்சு, "ஒரு சொட்டுதானே!" உங்கள் அக்காவுக்கு எல்லோரும் வேண்டியவர்கள், யாரை வேண்டாம் என்பாள்? நானும் காலையில் யாருக்கும் தெரியாமல் ஒரு சொட்டு விட்டுக்கொண்டிருந்தேன் என்பதையும் உங்களிடம் மறைக்கவில்லை. பேரிங் குடித்தது போக மிச்சம் ஆரக்கம்பி வழியாக இறங்கி டயருக்கு வந்தது, டயரிலிருந்து தரைக்கு வந்தது, ஒருநாள் வெட்டுவதற்காகத் தரையில் விரித்திருந்த வெள்ளைச் சட்டைத் துணிமேல் உங்கள் அக்கா நாற்காலியை ஒரு ஓட்டு ஓட்டியதில் துணியின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ரயில் பாதை மாதிரி இரண்டு கருங்கோடு விழுந்துவிட்டது. துணி கேஷியருடையது.

கேஷியர் வாழ்நாளில் பேனா மையைக்கூடச் சட்டையில் படவிட்டவரில்லை. என்ன சொல்லப்போகிறாரோ என்று நான் அலமாரிக்குப் பின்னால் ஏதோ தேடிக்கொண்டிருந்தேன். உங்கள் அக்கா அலட்டிக்கொள்ளவே இல்லை. இரண்டு கோடும் பட்டன் வரிசைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று வருகிற மாதிரி வெட்டித் தைத்து, "இப்ப இதான் சார் ஓடிக்கிட்டு இருக்கு" என்று கொடுத்துவிட்டாள். உண்மையிலேயே ஓடியதுதானே! அவர் மாட்டிக்கொண்டு கண்ணாடியில் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "முன்னாடி மட்டும் போட்டிருக்கீங்க, முதுகுக்கும் ரெண்டு போட முடியாதா?" என்று கேட்டார்.

அவர் கேட்டாலும் முதுகுக்குப் போட எனக்குச் சம்மதமில்லை. எண்ணெயே வேண்டாம், கிரீஸ்தான் என்று முடிவு செய்தேன். நான் வேலை பார்த்த மில்லில் செய்வதுபோல, நிப்பிள் என்கிற கிரீஸ் ஏற்றும் சின்ன மூக்கு ஒன்றை வைத்து, கிரீஸ் துப்பாக்கியால் ஏற்றினேன். மில் மிஷினுக்கு ஏற்றிய கை, கொஞ்சம் தாராளமாகவே ஏற்றிவிட்டது. இரண்டு பக்கத்து அடைப்பும் பட்டென்று கழன்று, ஒன்று என் மூக்குக் கண்ணாடியிலும் இன்னொன்று கேஷியரின் புதுச் சட்டையிலும் போய் ஒட்டிக்கொண்டன. அவர் குனிந்து பார்த்து, "இது வேண்டாம்" என்றார். துப்பாக்கியை உங்கள் அக்காவால் ஒரு கையால் தூக்கவும் முடியவில்லை. இத்தனை காலம் வேலை பார்த்தேனே, பேரிங்குக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறேன், கிரீஸ் போடுகிற ஆளுக்கு என்ன வேண்டும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் ஸ்டூலை இழுத்துப்போட்டு அவள் எதிரில் உட்கார்ந்து கேட்டேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள்: "குனியக் கூடாது. ஒரு கை போதும்னு இருக்கணும். வெளிய சொட்டக் கூடாது. முக்கியமா, அடுத்தவங்க கை வைக்கிற மாதிரி இருக்கக் கூடாது. உங்க கையும் சேர்த்துத்தான்."

படத்தில் இருப்பது அதுதான். அச்சு சுற்றுவதில்லை, ஹப்தான் சுற்றுகிறது. ஆகவே அச்சின் வெளி முனையிலிருந்து பாதிவரை நீளத் துளை ஒன்று, அது முடிகிற இடத்தில், இரண்டு பேரிங்குக்கும் நடுவே திறக்கிற மாதிரி குறுக்குத் துளை ஒன்று. வெளி முனையில் ஒரு சின்னப் பித்தளை மூடி. மூடிக்குள் கிரீஸை அடைத்துத் திருகி வைத்துவிட்டால், வாரம் ஒருமுறை அதைக் கால்வாசி திருகினால் போதும், ஒரு கடுகளவு கிரீஸ் அச்சு வழியாக நடுவுக்குப் போய், அங்கிருந்து இரண்டு பக்கமும் குண்டுகளுக்குள் நுழைந்து, பழைய கிரீஸையும் அழுக்கையும் வெளியே தள்ளும். தள்ளியதை ஒரு கம்பள வளையம் பிடித்துக்கொள்ளும். துணியில் சொட்டாது. மூடி பார்வைக்கு வெறும் ஆணித்தலை மாதிரி இருப்பதால் கேஷியருக்கும் கை வைக்கத் தோன்றாது. கைத்துரப்பணத்தால் நான் போட்ட முதல் அச்சில் நீளத் துளை ஒரு வழியிலும் குறுக்குத் துளை ஒரு வழியிலும், ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் மாதிரி, ஒன்றையொன்று பார்க்காமலே போய்விட்டன. அப்புறம் போட்டவை ஒருவாறு சந்தித்துக்கொண்டன.

போன வாரம் மகள் வந்தாள். வாசலில் நின்று, "எங்க, போய்க் காட்டும்மா" என்றாள். உங்கள் அக்கா குனியாமல், பார்க்காமல், தலைமுடியை ஒதுக்குகிற மாதிரி இயல்பாக மூடியை ஒரு கால் திருகு திருகிவிட்டுக் கிளம்பினாள். சத்தமே இல்லை, மச்சான். மகள் பின்னாலேயே நடந்தாள், பிறகு வேகமாக நடந்தாள், மருந்துக்கடை தாண்டும்போது ஓடினாள். கடை வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு, "சரிம்மா, நீயே போய்க்கோ" என்றாளாம். இதைக் கேஷியர் வந்து சொன்னார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது, கிரீஸாக இருக்கலாம்.

இனி உங்களால் ஆக வேண்டியது. என் கை வேலையில் வலது அச்சு கொஞ்சம் கோணல், இடதைவிட அதிகமாகக் குடிக்கிறது. படத்தில் உள்ளபடி லேத்தில் ஒரு ஜோடி அச்சு நேராகக் கடைந்து அனுப்புங்கள். அவசரமில்லை, ஆனால் சீக்கிரம் வேண்டும்.

உங்கள் வீட்டம்மாவுக்கு எங்கள் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, நிறையச் சாப்பிட்டு, உங்களைவிடப் பொறுமைசாலிகளாக வளர என் ஆசிகள். லேத்துக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விடவும்.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: தம்பி, இது அக்கா. என் கையெழுத்துதான் தபால்காரருக்குப் புரியும் என்று முகவரி எழுதக் கொடுத்தார். படித்துவிட்டேன். எல்லாம் உண்மைதான், ஒன்றைத் தவிர. அன்றைக்குத் தெருவில் சக்கரம் நின்றது பேரிங்கால் இல்லை. கடையில் தரையெல்லாம் நூல் கிடக்கிறதே, அது டயரோடு போய் அச்சில் சுற்றிச் சுற்றிக் கயிறாகிவிட்டது. லாரிக்காரன் என்னை ஓரமாக வைத்துவிட்டுப் போனதுமே பார்த்தேன். சின்னக் கத்தரியால் வெட்டித் தூரப் போட்டேன், சக்கரம் பழையபடி சுற்றியது. கடை நூலால் வந்த வினை என்று தெரிந்தால் உன் மருமகள் அன்றைக்கே கடையை மூடியிருப்பாள், அதனால் வாயைத் திறக்கவில்லை. அடுத்த நாள் உன் அத்தானிடமாவது சொல்லலாம் என்று வந்தேன். மில்லை விட்டு வந்ததிலிருந்து சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த மனுஷன், குண்டுகளைத் தேடிப் பீரோவை நகர்த்திக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். எப்படிச் சொல்வேன்? இப்போதும் வாரம் ஒருமுறை நூலை நான்தான் வெட்டுகிறேன். மூடியையும் திருகுகிறேன், வாசலில் நின்று பார்க்கிறாரே. படத்தில் உள்ளபடி அச்சைச் செய்து அனுப்பு. ஆனால் குறுக்குத் துளையை மட்டும் ஒரு நூலளவு தள்ளிப் போடு. வந்ததும் கண்டுபிடித்து, உன்னை நாலு திட்டுத் திட்டிவிட்டு, தானே உட்கார்ந்து சரிசெய்வார். மழைக்காலம் முடியும்வரை அவருக்கு அது போதும்.