கடப்பாக்கத்தில் போட்ட கேம்ப்

கேம்ப் என்றால் கண் கேம்ப். எங்கள் ஊர் படாளத்தில் தூங்குகிறவளைத் தட்டி எழுப்பிக் கேட்டாலும் இதைத்தான் சொல்வாள். ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வருவார்கள். பள்ளிக்கூடத்தில் பெஞ்சு போட்டு, டார்ச் அடித்துக் கண்ணைப் பார்ப்பார்கள். பொரை விழுந்திருந்தால் வேனில் ஏற்றிக்கொண்டு போய் ஆபரேஷன் பண்ணி, கறுப்புக் கண்ணாடி மாட்டி, வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். அந்தச் சொல்லுக்கு உலகத்தில் இன்னொரு அர்த்தம் இருக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. நடந்ததில் என் தப்பு எதுவும் இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன். (நான் சொல்லச் சொல்ல என் மருமகள் பிரியாதான் இதை எழுதுகிறாள். இந்த இடத்தில் சிரிக்கிறாள். சிரிச்சது போதும், எழுதும்மா.)

என் மகன் குமரன் கூடுவாஞ்சேரியில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறான். மெஷினில் பவர் பார்ப்பது, லென்ஸ் வெட்டுவது, ஃபிரேம் மாட்டிக் காட்டுவது எல்லாம் அவன்தான். டாக்டர் இல்லை. ஆனால் வெள்ளைக் கோட்டு போடுவான். எனக்கு அது போதும். எங்கள் தெருக் கோமளாவுக்குத்தான் அது போதவில்லை. அவள் மகன் துபாயில் இருக்கிறான். "உன் புள்ள கண்ணாடி தொடைக்கிறவன்தானே" என்று ஒருநாள் குழாயடியில் அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிட்டாள். வந்த கோபத்தில் நான் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிட்டேன். பாதி வழியில்தான் குடம் லேசாக இருப்பது தெரிந்தது.

அந்தச் சூடு ஆறுவதற்குள் குமரனிடமிருந்து போன் வந்தது.

"யம்மா, வர்ற சனிக்கெழம கடப்பாக்கத்துல கேம்ப் போடறோம். பாப்பாவுக்கு இதான் மொத தடவ. நீயும் வா, நீ இல்லாட்டி அது தூங்காது."

கண்ணாடிக் கடைக்காரன் கேம்ப் போடுகிறேன் என்றால் என்ன கேம்ப்? நீங்களே சொல்லுங்கள். குழந்தையை ஏன் கூட்டிக்கொண்டு போகிறான் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அப்பன் தொழிலைப் பார்த்துப் பழகட்டும் என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன். போனை வைத்த கையோடு குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். தண்ணீர் வரும் நேரம் இல்லை, ஒருத்தரும் இல்லை. வரும்வரை உட்கார்ந்திருந்தேன்.

எல்லாரும் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். இலவசம் என்பதை நானாகச் சேர்த்துக்கொண்டேன். சாப்பாடு உண்டா என்று என் சிநேகிதி சரசு கேட்டாள். அதையும் சேர்த்தேன். மெட்ராசிலிருந்து பெரிய டாக்டர்கள் வருகிறார்கள் என்றது என் வாயிலிருந்துதான் வந்ததா என்று எனக்கே நிச்சயம் இல்லை. கோமளா குடத்தை இறக்கி வைத்தாள்.

"அப்பிடியா? நானும் வர்றேன். உன் புள்ள போடற கேம்ப பாத்துட்டு வந்துடறேன்."

அதாவது, கேம்ப் மட்டும் சொன்னபடி நடக்கவில்லையென்றால் நான் அப்புறம் அந்தத் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சனிக்கிழமை காலையில் குமரன் கார் கொண்டுவந்தான். பின்சீட்டில் என் பேத்தி யாழினி, யூகேஜி. (என் வாயில் அந்த ‘ழ’ வராது. நான் யாயினி என்பேன். "ஆயா, யா-ழி-னி" என்று திருத்துவாள். நான் மறுபடியும் யாயினி என்பேன். இந்தச் சண்டை அவள் பிறந்ததிலிருந்து நடக்கிறது.) அவள் தலையில் பட்டை போட்டு மாட்டுகிற டார்ச் ஒன்று இருந்தது. கேம்ப்புக்கென்று அப்பன் வாங்கிக் கொடுத்ததாம். குளிக்கும்போதுகூடக் கழற்றவில்லை என்றாள் பிரியா. ஒரு வாரமாகச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் படுத்துப் பழகியிருக்கிறாள். கண் கேம்ப்புக்கு மேசைக்கடியில் எதற்குப் பழக வேண்டும் என்று நான் கேட்டிருக்கலாம். ஏசி குளிரில் கேட்கத் தோன்றவில்லை.

கடப்பாக்கம் தாண்டி மண் பாதையில் இறங்கி ஒரு சவுக்குத் தோப்புக்குள் வண்டி நின்றது. கடைக்கு வருகிற ஒருத்தருடைய தோப்பு. ஒரு பக்கம் கழிமுகத் தண்ணீர், தூரத்தில் இடிந்த கோட்டைச் சுவர், அந்தப் பக்கம் கடல் சத்தம். மனுஷ வாடையே இல்லை. குமரன் கையை விரித்து மூச்சை இழுத்துவிட்டு, "டவரே கெடைக்காத எடமா தேடிப் புடிச்சேம்மா" என்று பெருமையாகச் சொன்னான். பிறகு டிக்கியிலிருந்து ஒரு பச்சைத் துணி மூட்டையை எடுத்து உதறினான். அது குடை மாதிரி விரிந்து, கோழிக் கூண்டைக் கவிழ்த்த மாதிரி நின்றது.

"டாக்டருங்க எப்ப வருவாங்க நைனா?" என்றேன்.

"எந்த டாக்டருங்க?"

அப்போதுதான் அவன் விளக்கினான். காட்டு மாதிரி இடத்துக்குப் போய், கூடாரம் போட்டு, கல் அடுப்பில் சமைத்து, தரையில் படுத்து, காலையில் எழுந்து வருவதற்குப் பேரும் கேம்ப்தானாம். பாப்பா ஃபிளாட்டிலேயே வளர்கிறது, கரண்டு போனால் அழுகிறது, வாழ்க்கையில் ஒரு ராத்திரியாவது சத்தமே இல்லாத இருட்டில் இருந்து பழகட்டும் என்று அவனுக்கு ஆசை.

"தரையில படுக்கறதுக்கு இம்மாந்தூரம் எதுக்குடா? நான் கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து தரையிலதானே படுக்கறேன்?"

பேசிவிட்டேனே தவிர, என் நினைப்பெல்லாம் ரோட்டில் இருந்தது. கோமளா, சரசு, இன்னும் இரண்டு பேர் என்று நாலு பொம்பளைகள் குட்டியானை லோடு வண்டி பேசி என்னைத் தேடி வரப்போகிறார்கள். தடுக்கலாம் என்றால் டவர் இல்லை. மகனிடம் சொல்ல வாய் வரவில்லை. மருமகளோ உட்கார்ந்து கண்ணை மூடிக் காற்றை அனுபவித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் யாழினியைத் தண்ணீர்க் கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், நண்டு காட்டுகிற சாக்கில் எல்லாவற்றையும் அவளிடம் கொட்டிவிட்டேன். ஆயா ஒரு தப்பு பண்ணிட்டேன் பாப்பா, நாலு ஆயாங்க கண்ணைக் காட்ட வர்றாங்க, இங்க டாக்டரே இல்ல.

குழந்தை அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் அப்பன் கடையிலேயே உட்கார்ந்திருப்பவள் அவள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ டோக்கன் குடுக்கணும்" என்றாள். குனிந்து சவுக்குக் காய்களைப் பொறுக்க ஆரம்பித்தாள். ஆளுக்கு ஒரு காய்.

வெயில் தணிகிற நேரத்தில், எங்கள் கார் போன வழியைக் கேட்டுக் கேட்டு, குட்டியானை தடதடவென்று தோப்புக்குள் நுழைந்தது. ஒரு ராத்திரிக்காவது சத்தமில்லாத இடம் வேண்டும் என்று என் மகன் தேடிய இடத்துக்குள் கோமளா, சரசு, சரசுவின் ஓரகத்திகள் இரண்டு பேர், நாலு பேருடைய வாய், எல்லாம் ஒன்றாக இறங்கின. ஆபரேஷன் ஆனால் ஒரு மாதம் தலைக்கு ஊற்றக் கூடாது என்று நாலு பேரும் எண்ணெய் தேய்த்துக் குளித்துத் தலையை விரித்துப் போட்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு மாற்றுப் புடவை, தட்டு, டம்ளர், ஆதார் அட்டை. டிரைவர், ராத்திரி தங்கணும்னு சொன்னீங்களே, காலைல வர்றேன் என்று செய்யூரில் இருக்கும் மாமியார் வீட்டுக்கு வண்டியைத் திருப்பிக்கொண்டு போயே விட்டான்.

பிரியா எழுந்து நின்றாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. (பார்த்தேன். எழுத விட மாட்டேன் என்கிறாள்.)

கோமளா இடுப்பில் கை வைத்துத் தோப்பைச் சுற்றிப் பார்த்தாள். "இன்னா அலமேலு, ஒரு போர்டுகூடக் கட்டல? டாக்டரு எங்கமே?"

நான் குனிந்து, சோறு வடித்த கல் அடுப்பை ஊத ஆரம்பித்தேன். குமரன் ஒரு மாதிரி விஷயத்தை ஊகித்துவிட்டான். அவன் பொய் சொல்லத் தெரியாத பிள்ளை, எனக்கு அதில் எப்போதும் கஷ்டம்தான். "சித்தி, இது அந்தக் கேம்ப் இல்ல. நாங்க சும்மா கொழந்தையக் கூட்டிக்கினு படுத்து எழுந்து போலாம்னு வந்தோம்" என்றான். நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். விரித்துப் போட்ட தலைமயிர் காற்றில் பறந்தது. கோமளா ஆதார் அட்டையை எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு, மறுபடி பைக்குள் வைத்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அப்போது கூடாரத்தின் ஜிப்பு சர்ரென்று திறந்தது. உள்ளேயிருந்து ஒரு வெளிச்சம் நேராகக் கோமளா முகத்தில் அடித்தது.

"டோக்கன் இருக்கறவங்க வரிசையா நில்லுங்க. செருப்ப வெளிய வுடுங்க."

முதலில் சரசுதான் சிரித்தாள். சவுக்குக் காயை வாங்கிக்கொண்டு குனிந்து உள்ளே போனாள். சோற்றுக் குண்டானைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் மோவாயை வைக்கச் சொல்லியிருக்கிறாள் என் பேத்தி. கடை மெஷினில் அப்படித்தானே வைப்பார்கள்! "கண்ண சிமிட்டாதீங்க. இத மூடுங்க. எத்தினி வெரலு?" என்று குரல் மட்டும் வெளியே கேட்டது. அப்பன் குரல், அப்பன் இழுவை, அப்படியே. எனக்கு அந்த அவமானத்திலும் மேலெல்லாம் புல்லரித்தது. சரசு பாஸ் என்று அறிவிப்பு வந்தது. அப்புறம் ஓரகத்திகள். இரண்டு பேரும் பாஸ். கோமளா வேண்டாவெறுப்பாகப் போனவள், வெகுநேரம் உள்ளே எதையோ வாதாடிவிட்டு, வரும்போது துபாய்க்கே விசா கிடைத்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தாள்.

"அடுத்து ஆயா."

எனக்கு எதற்கு என்றேன். ஊசியில் நூல் கோர்ப்பவள் நான், எங்கள் தெருவில் ஜாக்கெட் ஹூக் பிய்ந்தால் என்னிடம்தான் வருவார்கள். கேம்ப்னா எல்லாரும் காட்டணும் என்றாள் டாக்டர். உள்ளே போய்க் குண்டான் மேல் மோவாயை வைத்தேன். அது அடுப்புச் சூடு ஆறாமல் இருந்தது. சின்னக் கையால் என் இடது கண்ணை மூடினாள். எத்தனை விரல்? மூணு. அடுத்து வலது கண்ணை மூடினாள். எத்தனை?

எனக்குச் சிரிப்பு வந்தது.

"ரெண்டு கண்ணையும் பொத்திக்கினு கேட்டா எப்பிடிடி தெரியும்?"

"ஒண்ணுதான் ஆயா மூடிக்கீறேன்."

"வெளாடாத. கைய எடு."

"இந்தக் கண்ணு தொறந்துதான் கீது ஆயா."

நான் என் கையால் தொட்டுப் பார்த்தேன். இடது கண் திறந்துதான் இருந்தது. அதன் எதிரில் பால் ஊற்றின மாதிரி வெள்ளையாக ஒன்று. அவ்வளவுதான். விரலும் இல்லை, பேத்தியும் இல்லை. இத்தனை நாளும் ஒரு கண்ணே இரண்டு கண் வேலையைப் பார்த்து என்னை ஏமாற்றியிருக்கிறது.

யாழினி கூடாரத்திலிருந்து தலையை நீட்டினாள். "அப்பா, ஆயா ஃபெயிலு."

குமரன் முழங்கால் போட்டு உள்ளே வந்தான். குழந்தை தலையிலிருந்த டார்ச்சைக் கழற்றி வாங்கி என் கண்ணில் அடித்துப் பார்த்தான். திரும்பத் திரும்பப் பார்த்தான். "ஊர்ல கீற கண்ணெல்லாம் பாக்கறேன்" என்றான். டார்ச்சை அணைத்து, அதன் பட்டையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தான். நான் அவனைத் தேற்றுவதா, என் கண்ணுக்காகப் பயப்படுவதா என்று தெரியாமல் குண்டானைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வாசலில் குனிந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த கோமளாதான் பேசினாள்.

"வுடு நைனா. நல்ல நேரத்துலதான் கேம்ப் போட்டுக்கீற."

கேம்ப் என்றுதான் சொன்னாள். எல்லார் முன்னாலும் சொன்னாள். என் இடது கண் போனாலும் காது நன்றாக இருந்தது.

அன்றைக்குக் கூடாரத்தில் ஆயாக்கள் படுத்தோம், நடுவில் டாக்டர். மகனும் மருமகளும் காரில் மடங்கிக் கிடந்தார்கள். சத்தமில்லாத ராத்திரி கிடைக்கவில்லை, சரசுவின் குறட்டைக்குக் கடல் பயந்து ஒதுங்கியது. ஆனால் இருட்டுக்கு அழும் என்று சொன்ன குழந்தை எங்கள் எல்லாருக்கும் முன்னால், என் கையைக்கூடப் பிடிக்காமல் தூங்கிவிட்டது. திங்கட்கிழமை பள்ளியில், காட்டில் என்னவெல்லாம் பார்த்தாய் என்று டீச்சர் கேட்டார்களாம். "ஒரு நண்டு, அஞ்சு ஆயா" என்றாளாம்.

அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான் குமரன். முதலில் யார் பார்த்தது என்று நர்ஸ் கேட்டது. டாக்டர் யாயினி என்றேன். எங்க படிச்சாங்க என்று கேட்டது. இன்னும் படிச்சிக்கினுதான் கீது, யூகேஜி என்றேன். நல்லபடியாக ஆபரேஷன் ஆனது. ஒரு மாதம் தலைக்கு ஊற்றாமல் நான் பட்ட அரிப்பு தனிக் கதை. கட்டெல்லாம் பிரித்து வீட்டுக்கு வந்ததும் யாழினி குண்டானைக் கவிழ்த்தாள். என் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இரண்டு விரல் காட்டினாள், நாலு காட்டினாள், கடைசியில் ஏமாற்றப் பார்த்துக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். எல்லாவற்றையும் சரியாகச் சொன்னேன்.

நான் பள்ளிக்கூடமே போகாதவள். என் வாழ்க்கையில் எழுதிய பரீட்சை இது ஒன்றுதான். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் உட்கார்ந்ததும் குமரன் ஆரம்பித்துவிடுவான், எங்கம்மா ரெண்டாவது அட்டெம்ப்ட்டுல பாஸு என்று. எதிர் இலையில் கோமளா இருந்தால் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "நானெல்லாம் மொத தடவையே பாஸு" என்பாள்.

சொல்லிக்கொள்ளட்டும். பரீட்சை வைத்தது என் பேத்தி.