கேட்பதற்கு முன்பே மறுத்தவர்

தகவல் தொடர்பு மேலாளர் என்றோர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். அதிலும் வேலையில் சேர்ந்து நாலே நாள் ஆனவர் என்றால் கேட்கவே வேண்டாம். கழுத்தில் அடையாள அட்டை, கையில் இரண்டு போன், வாயில் மட்டும் நேரான ஒரு வார்த்தை கிடையாது. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தால் நீங்களும் நானும் 'ஐயோ' என்போம். இவர், "பால் எதிர்பார்த்ததைவிட நல்ல வளர்ச்சி காட்டியிருக்கு" என்பார். மனைவி துணியை எடுத்து அடுப்பைத் துடைப்பாள்.

நம்மவர் சேர்ந்தது நாற்காலி செய்கிற கம்பெனியில். எட்டு மாதம் வீட்டில் சும்மா இருந்தபின் கிடைத்த வேலை. தெரு முழுக்க மனைவி சொல்லியாயிற்று. அவருக்கோ கால் தரையில் பாவவில்லை. மூன்று மாதம் தாக்குப்பிடித்தால் வேலை நிரந்தரம்.

நாலாம் நாள் காலை ஒரு வாடிக்கையாளரிடமிருந்து போன். நாற்காலியின் கால் கழன்று மனிதர் பொத்தென்று விழுந்திருக்கிறார். அடி ஒன்றுமில்லை, கோபம்தான். முதலாளி சொன்னது இவ்வளவே: "மன்னிப்புக் கேட்டு அவருக்கு ஒரு கடிதம் போடுங்க. புது நாற்காலி அனுப்பிடலாம்."

வெறும் கடிதமா? அதற்கா இவரை எடுத்தார்கள்? கதவைச் சாத்திக்கொண்டு, 'மன்னிப்பு' என்பதை அடித்து 'வருத்தம்' என்று போட்டு, வருத்தத்தையும் அடித்து 'அக்கறை' என்று போட்டு, மத்தியானத்துக்குள் பக்கம் நிறைய ஓர் அறிக்கை தயாரித்து, ஊரிலுள்ள அத்தனை பத்திரிகைக்கும் அனுப்பிவைத்தார்: 'எங்கள் நாற்காலிகளின் கால்கள் கழன்று விழுவதாகப் பரவும் செய்தியில் துளியும் உண்மை இல்லை.' அப்படி ஒரு செய்தி எங்கேயும் பரவவில்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான், போங்கள்.

மறுநாள் போன் ஓயவில்லை. "இதுவரைக்கும் எத்தனை பேர் சார் விழுந்திருக்காங்க?" என்று நிருபர்கள். கடைக்காரர்கள் நாற்காலிகளை வண்டி வண்டியாகத் திருப்பி அனுப்பினார்கள்.

முதலாளி கூப்பிட்டார். "யாருமே கேக்கலையேங்க. ஏன் மறுத்தீங்க?"

"கேக்கறதுக்கு முன்னாடியே மறுத்துட்டா நம்ம கை ஓங்கியிருக்கும் சார்."

முதலாளி தலையைப் பிடித்துக்கொண்டார். "கடைசியா ஒரு வேலை. உங்களை வீட்டுக்கு அனுப்பற கடிதத்தையும் நீங்களே எழுதிடுங்க."

எழுதினார் பாருங்கள்! அவர் எழுதியதிலேயே அருமையானது அதுதான். சாயங்காலம் அதைப் படித்த மனைவிக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"உங்க திறமைக்குப் பரந்த வெளியைத் திறந்துவிடுறாங்களாமே. அஞ்சே நாள்ல பதவி உயர்வா? இருங்க, அம்மாகிட்ட சொல்லிடறேன்."

அவள் போனை எடுத்தாள். இவர் வாயைத் திறந்தார். வளர்ச்சி, வாய்ப்பு, பயணம் என்று எத்தனையோ சொற்கள் கைவசம் இருந்தன. ஒன்றும் உதவிக்கு வரவில்லை. பாவம், கண் கலங்கிவிட்டது.

"வேலை போயிடுச்சும்மா. தப்பு என்னோடதுதான்."

மனைவி போனை மெல்லக் கீழே வைத்தாள். நாற்காலிக் கதை முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "இவ்வளவு நல்லாப் பேச வருதே உங்களுக்கு. இதையே அந்த விழுந்த மனுஷர்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் நேற்று வீட்டுக்குள் நுழைந்ததும், யாரும் வாய் திறப்பதற்கு முன்பே, "நான் ஒண்ணும் பண்ணலைப்பா" என்று அறிக்கை விட்டது யார்?