ஜூலை மாதத்துப் பனிமலை

குளிரைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன்தான். ஆனால் துபாய் வந்து, மைனஸ் பதினெட்டில் கோழிப் பெட்டி சுமந்து, இன்றைக்கு அல் குசைஸில் கோல்டு ரூம் கட்டிக்கொடுக்கும் கம்பெனிக்கு முதலாளி. (போர்டில் என் பெயர் மூன்று மொழியில் இருக்கிறது. அதில் ஒன்றை எனக்கு வாசிக்கவும் தெரியும்.)

அப்படிப்பட்டவனைப் பார்த்து என் சம்பந்தி, திருச்சியில் காலேஜ் பிரின்சிபாலாக இருந்து ரிட்டயர் ஆனவர், ஒவ்வொரு முறை இங்கே வரும்போதும் ஒரே வசனம் பேசுவார்.

"நீங்க மட்டும் படிச்சிருந்தா எங்கயோ போயிருப்பீங்க சம்பந்தி."

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருமுறை அதைக் கேட்டதும் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இப்பவே போவோம். ஜூலை லீவுக்கு சீனா. வடக்கே பனிமலை. வழுக்கி விளையாடலாம். எல்லாம் என் ஏற்பாடு" என்றேன்.

"ஜூலையில பனி இருக்குமா?" என்றார் அவர்.

நான் சிரித்தேன். "நம்ம மால்ல இல்லையா? வெளிய ரோட்டுல முட்டை பொரியுது, உள்ள பசங்க பனியில உருளுறாங்க. எல்லாம் மெஷின் சம்பந்தி. நம்ம லைன்."

அவர் யோசித்தார். "மெஷின் விஷயம் உங்களுக்குத்தான் தெரியும்" என்று ஒப்புக்கொண்டார். பிரின்சிபால் என்னிடம் ஒப்புக்கொண்ட முதல் விஷயம்! அதற்குப் பிறகு நான் பின்வாங்குவேனா?

மகள் சுதா மட்டும் என்னைச் சமையல்கட்டுக்கு இழுத்துப் போனாள். "அப்பா, நான் பார்த்து புக் பண்றேன்."

"உங்கப்பன் கிழிச்ச பாஸ்போர்ட்டு எத்தனைன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். மாமா முன்னாடி மட்டும் மானத்தை வாங்கிடாதீங்க."

ஏற்பாட்டில் இறங்கினேன். குழப்பமும் கூடவே இறங்கியது. டிராவல்ஸில் இருந்த மலையாளிப் பையன், "ஜூலை அவிடே ஆஃப் சீசனாணு சேட்டா" என்று ரூமைப் பாதி விலைக்குக் கொடுத்தான். நான் பேரம் பேசிய அழகுக்குப் பயந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். ஹோட்டல்காரனோ மாடி முழுக்க எங்களுக்கே என்றான். முதலாளி வருகிறார் என்று எப்படியோ தெரிந்திருக்கிறது!

எனக்கு கம்ப்ரசர் அனுப்பும் சீனாக்காரப் பெண் லின், அந்த மலைக்குப் பக்கத்து ஊர். முன்பு ஒருமுறை, ராட்சச மெஷின் ஒன்று மலை மேல் பனியை ஊதித் தள்ளும் வீடியோ அனுப்பியிருந்தாள். (என் நம்பிக்கைக்கு மொத்த ஆதாரமும் அதுதான்.) அவளிடம் வாட்ஸ்அப்பில் விசாரித்தேன்.

"ஜூலை ரொம்ப அழகு. தொப்பி கொண்டுவாங்க" என்று பதில் வந்தது.

கம்பளித் தொப்பி ஏழு வாங்கினேன். "மெஷின் ஓடுதா?" என்று கேட்டேன்.

"மெஷின் தூங்குது பாஸ்."

பதறிவிட்டேன். "பிரேக்டவுனா? கவலைப்படாதே. ரெண்டு டெக்னீசியனைக் கையோட கூட்டிட்டு வர்றேன்" என்று அனுப்பினேன். வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகள் வந்தன. சீனாவில் துக்கமான விஷயத்துக்கும் சிரிப்பார்களோ என்று எனக்கு அன்று ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை.

எதற்கும் இருக்கட்டும் என்று ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஒத்திகை வைத்தேன். பயணத்துக்காக முன்கூட்டியே வந்திருந்த சம்பந்தி உட்பட குடும்பத்துக்கே ஃப்ரீசர் ஜாக்கெட் மாட்டி, நான் கட்டிக்கொடுத்த ஒரு கோல்டு ரூமுக்குள் நிறுத்தினேன். கோழிப் பெட்டிகளுக்கு நடுவே பிரின்சிபாலுக்குப் பல் தந்தியடித்தது.

"இ-இவ்வளவு குளிருமா சம்பந்தி?"

"இது சாம்பிள்தான். மலை இதுக்கும் மேல."

அந்த நேரம் பார்த்து லின் மலைக்குப் போயிருப்பதாகவும் வீடியோ காலில் காட்டுவதாகவும் மெசேஜ் வந்தது. மெசேஜ் எப்படியோ நுழைந்துவிட்டது, வீடியோவுக்கு உள்ளே சிக்னல் மாஃபி, கிடையவே கிடையாது. எல்லோரும் ஜாக்கெட்டோடு வெளியே ஓடினோம். வெளியே அடுப்புக்குள் நுழைந்த மாதிரி வெயில். சம்பந்தியின் கண்ணாடி ஒரே நொடியில் வெள்ளையாகிவிட்டது.

"தெரியுது! வெள்ளை வெளேர்னு தெரியுது!" என்று கத்தினார் மனுஷன்.

"மாமா, கண்ணாடியைத் துடைங்க" என்றாள் சுதா, தலையில் கைவைத்தபடி.

துடைத்தார். போனில் மலை இருந்தது. பச்சைப் பசேலென்று இருந்தது. நாலு மாடு மேய்ந்தது. லின் அரைக்கை சட்டையில், வெயில் தொப்பியோடு தர்பூசணி தின்றுகொண்டிருந்தாள்.

"ஹலோ பாஸ்! ஸ்னோ டிசம்பர்!"

ஜாக்கெட்டுக்குள் வேர்வை ஆறாக ஓடியது. இவர் திருச்சிக்குப் போய் நாலு புரொபசர்களிடம் சொல்வாரே என்று நான் பூமிக்குள் புதையத் தயாரானேன்.

சம்பந்தி என்னைப் பார்த்தார். தன் ஜாக்கெட்டைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தவர், லோடிங் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். "நானும்ல நம்பினேன்! முப்பது வருஷம் காலேஜ்ல இருந்தவன்!" என்று என் தொடையில் அடித்து அடித்துச் சிரித்தார். அன்றோடு அந்தப் 'படிச்சிருந்தா' வசனம் கலாஸ்.

டிக்கெட்டை மாற்ற முடியாததால் ஜூலையிலேயே போய், மாடு பார்த்து, சோளம் தின்றுவிட்டு வந்தோம்.

இப்போது எங்கள் வீட்டில் யார் ஃப்ரிட்ஜைத் திறந்தாலும், "பார்த்து, உள்ள புல்லு முளைச்சிருக்கும்" என்பார்கள். ஜூலை பிறந்தால் திருச்சியிலிருந்து போன் வந்துவிடும்.

"சம்பந்தி, மெஷின் எழுந்திரிச்சுதா?"

சிரிக்கட்டும். அந்த மலைக்காரன் ஒரு கொட்டேஷன் மட்டும் என்னிடம் கேட்டிருந்தால், ஜூலையிலேயே அதை வெள்ளையாக்கிக் காட்டியிருப்பேன்.