மாப்பிள்ளை வண்டியும் மாமனார் எஞ்சினும்

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

தங்கள் மாமனார் எழுதுவது. தாங்களும் மகளும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியமாக இருக்கிறோம். தாங்கள் என் பொறுப்பில் விட்டுப்போன வண்டியும் சௌக்கியம். அதன் சௌக்கியத்தைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. போனிலேயே சொல்லிவிடலாம் என்று பலமுறை முயன்றேன். நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் தாங்கள் "சரிங்க மாமா" என்று சொல்லிவிடுகிறீர்கள். அதற்குமேல் எனக்கு வாய் வருவதில்லை.

வேலை மாற்றலில் கடல் கடந்து போகும்போது தாங்கள் சாவியைக் கொடுத்து, வாரம் ஒரு முறை ஷெட்டில் நின்றபடியே எஞ்சினைச் சிறிது நேரம் இயக்கினால் போதும் என்றீர்கள். அன்றே மகள் என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டு, "அப்பா, அவர் யாரையும் நம்பி எதையும் குடுக்கிறவர் இல்ல. மொதமொதலா உங்கள நம்பியிருக்காரு. சொதப்பிட்டீங்கன்னா காலம்பூரா நான்தான் கேக்கணும்" என்றாள். இது என்னைத் தூங்கவிடாத பேச்சு. காடுமேடு ஏறவென்றே பிறந்த வண்டியைத் தகரக் கொட்டகைக்குள் நிறுத்தி உறும விடுவது, பயில்வானை வரவழைத்துப் பாயில் படுக்க வைப்பது போல எனக்குப் பட்டது. ஆகவே அதன் ஆரோக்கியத்தை முன்னிட்டு ஆற்று மணல் வரைக்கும், செங்கல் சூளை மேடு வரைக்கும், உங்கள் அத்தைக்கு மூட்டுவலி என்பதால் சந்தை வரைக்கும் அவ்வப்போது போய்வந்தேன். எல்லா இடத்திலும் வண்டி தங்கள் பெயரைக் காப்பாற்றியது.

இப்படி இருக்கையில் ஒரு காலை பொத்தானை அழுத்தினால் வண்டி மூச்சுவிடவில்லை. முன்னாலிருக்கும் திரையில் சிவப்பாக ஒரு சின்னப் படம். மேலே ஒரு வளைவு, கீழே ஒரு கட்டை. லேத்துப் பட்டறை வைத்திருக்கும் என் மைத்துனரை, அதாவது உங்கள் அத்தையின் தம்பியை, வரவழைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். "அத்தான், இது பிஸ்டன். ஜாம் ஆயிடுச்சு. வண்டியே ஒத்துக்குது பாருங்க. இந்தக் காலத்து வண்டிங்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்றார். கம்பெனியில் விசாரித்தால், சொந்தக்காரர் பேசினால்தான் பதில் சொல்வோம் என்றுவிட்டார்கள். சொந்தக்காரரோ, விடுமுறையில் வந்து வண்டியை எடுத்துக்கொள்கிறேன் என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்தார். ஓடாத வண்டியை மாப்பிள்ளை கையில் ஒப்படைப்பதைவிட, எந்த எஞ்சினாலாவது ஓடுகிற வண்டியை ஒப்படைப்பது மாமனாருக்கு அழகு என்று நானும் மைத்துனரும் ஒருமனதாக முடிவுசெய்தோம். உங்கள் அத்தையைக் கேட்கவில்லை. அதனால்தான் ஒருமனதாக முடிந்தது.

கொல்லையில் நிற்கும் என் பழைய ஜீப்பைத் தாங்கள் பார்த்திருக்கிறீர்கள். அதன் உடம்பு பெரும்பாலும் மண்ணோடு சேர்ந்துவிட்டது; மீதியில் கோழிகள் இருக்கின்றன. எஞ்சினுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. ஓய்வுபெற்ற பிறகும் தினமும் ஆபீசுக்கு வந்து நாற்காலி கேட்கிறவர்களைப் போல, ஒரு வாய்ப்புக்காகக் காத்திருந்தது. உத்தரத்தில் சங்கிலி கட்டி, தங்கள் எஞ்சினை வெளியே எடுத்து, இதை உள்ளே இறக்கினோம். கியர்பாக்சுக்கும் இதற்கும் துளைகள் பொருந்தவில்லை. மைத்துனர் நடுவில் ஒரு இரும்புத் தட்டைக் கடைந்து வைத்தார். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு சம்பந்திகளுக்கு நடுவே உட்காரும் தரகரைப் போல அது இருவரையும் பிடித்துக்கொண்டது. எஞ்சின் கொஞ்சம் உயரம், பானெட் மூடவில்லை. ஆகவே பானெட்டில் வட்டமாக வெட்டினோம். அந்த ஓட்டைக்கு வீட்டிலிருந்த அண்டா மூடி அளவெடுத்தது போல் இருந்தது. "என் அண்டா மூடிமேல கைய வச்சுப்பாரு, அப்புறம் அக்கான்னு கூப்பிட்டுக்கிட்டு இந்த வாசப்படி ஏறக்கூடாது" என்று உங்கள் அத்தை தம்பியிடம் சொன்னாள். ஓட்டை திறந்தே இருக்கிறது. காற்றோட்டத்துக்கு நல்லது.

முதல் முயற்சியிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. அது விட்ட புகையில், தெருவில் காயப்போட்டிருந்த துணிகளை எல்லோரும் உள்ளே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் சம்மதிக்கவில்லை. தன் எஞ்சினைக் காணோம் என்று ஹாரன் அடித்தது, மழையில்லாமல் வைப்பர் போட்டது, கதவுகளைத் தானே சாத்திக்கொண்டது. மைத்துனர் உள்ளே மாட்டிக்கொண்டு, கண்ணாடி வழியாகவே நோய் என்னவென்று சொன்னார்: "அதோட எஞ்சின் அது பக்கத்துல இருக்கணும் அத்தான்! இல்லன்னா இந்த ஆர்ப்பாட்டம் நிக்காது!"

நியாயமான கோரிக்கைதான். தங்கள் எஞ்சினைத் தூக்கிப் பின் சீட்டில் உட்கார வைத்து, எல்லா ஒயர்களையும் நீட்டி அதற்கே கொடுத்தோம். எரிபொருள் வரவில்லை என்று கம்ப்யூட்டர் முறையிட்டதால் ஒரு டியூபும் கொடுத்தோம். அமைதியாகிவிட்டது. ஒரு மணி மட்டும் விடாமல் அடித்தது. பின் சீட்டில் இருப்பவர் பெல்ட் போடவில்லையாம். போட்டுவிட்டோம்.

இப்போது வண்டி அருமையாக ஓடுகிறது. எவ்வளவு வேகமாகப் போனாலும், எஞ்சினை இன்னும் யாரும் ஸ்டார்ட் செய்யவில்லை என்றுதான் திரை நினைத்துக்கொண்டிருக்கிறது. அதை நாங்கள் கலைக்கவில்லை. நேற்று சூளை மேடு ஏறி இறங்கினோம். சூளைக்காரர் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்து, "பின்னாடி யாருங்க?" என்றார். "எங்க மாப்பிள்ளையோட எஞ்சின். ஒடம்பு சரியில்ல" என்றாள் உங்கள் அத்தை.

நடந்தது இவ்வளவுதான். தாங்கள் நம்பி ஒப்படைத்த எஞ்சின் என் கையில் கெட்டது என் துரதிர்ஷ்டம். அதற்காகத் தங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கோபம் இருந்தால் அதை என் கணக்கில் வைத்துக்கொள்ளவும். மகளிடம் ஒரு சொல்லும் வேண்டாம். அவளுக்கு எதுவும் தெரியாது. தாங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று, பேச்சிலும் மனத்திலும் ஒன்றாக இருந்து, நெடுங்காலம் வாழ வேண்டும் என்று நானும் உங்கள் அத்தையும் வாழ்த்துகிறோம். மைத்துனர் தம் விசாரிப்புகளைச் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
தங்கள் நம்பிக்கைக்குப் பாத்திரமாக இருக்க முயலும்
மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது மகள் போன் செய்தாள். வாய் தவறி, எஞ்சின் கெட்ட விஷயத்தைச் சொல்லிவிட்டேன். "கெடவே இல்லப்பா! நீங்க வண்டிய எடுத்துட்டு எங்க போனாலும் இவர் போன்ல தெரியுது. சந்தைக்குப் போனா சந்தை, ஆத்துக்குப் போனா ஆறு. உங்ககிட்ட சொல்லச் சங்கடப்பட்டுக்கிட்டு, இங்கேருந்தே எஞ்சினப் பூட்டிட்டாரு. திரையில செவப்பா பூட்டுப் படம் வந்திருக்குமே! இருங்க, அவர் குளிக்கப் போயிருக்காரு, நான் தெறந்து விடுறேன்" என்றாள். மேலே கேட்ட மன்னிப்பை வாபஸ் பெறுகிறேன். மைத்துனர் நம்பாமல் பொத்தானை அழுத்திப் பார்த்தார். தங்கள் எஞ்சின் பூரண ஆரோக்கியத்துடன் பின் சீட்டில் ஓட ஆரம்பித்துவிட்டது. பெல்ட் இதுவரை தாங்குகிறது. மறுபடி அழுத்தினால் நிற்கவில்லை. எந்த ஒயர் எங்கே போகிறது என்று மைத்துனருக்கு நினைவில்லை. மகளும் போனை எடுக்கவில்லை. கடிதம் கண்டதும், சங்கடப்படாமல், தயவுசெய்து மறுபடி பூட்டவும்.